ஓப்பினெல் வழியில் ஒரு மடக்குக் கத்தி: கேட்டவையும் பதில்களும்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய மரப்பிடி மடக்குக் கத்தியை முன்மாதிரியாகக் கொண்டு, புதுச்சேரியில் கையால் கத்தி செய்து வருகிறேன். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வில்லியனூரிலிருந்து: ஐயா, லாரிப் பட்டையில் (லாரியின் அடியில் பாரம் தாங்கும் எஃகு வில்பட்டை) அலகு செய்யலாமா?

வேண்டாம், தம்பி. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்; அதை 2 மி.மீ. கனத்துக்கு அராவிக் குறைப்பதும் வீண் உழைப்பு. 0.95 விழுக்காடு கரி கொண்ட 1095 எஃகுத் தகடு வாங்குங்கள். அச்சாணித் துளையைத் தோய்ச்சலுக்கு (காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது) முன்பே போட்டுவிட வேண்டும். எஃகு 770 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே, 800 டிகிரி அளவில், வெதுவெதுப்பான எண்ணெயில் அலகை நேராக இறக்கி, ஆறியதும் 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால், துடைத்த எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும். பிறகு சாணை பிடிக்கும்போது நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். ஆகவே வெறும் விரலால் அலகைப் பிடித்து, சூடு உறைத்தவுடன் தண்ணீரில் நனையுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: துருப்பிடிக்காத எஃகு?

அதற்கு 1000 டிகிரிக்கு மேல் அளந்து பிடிக்கும் உலை வேண்டும். கரியடுப்பில் ஆகாது.

கடலூர் முதுநகரிலிருந்து: ஐப்பசி மழையில் அலகு காடிக்குள் (பிடியில் அலகு மடங்கி அமரும் பிளவு) இறுகி, திறக்கவே முடியவில்லை. என்ன பிழை?

இந்தக் கரையில் கத்தி செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மரம் ஈரத்தை உண்டு அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. மூலக் கத்தியின் பீச் மரம் அதிகம் உப்பும் இனம். நன்கு உலர்ந்த தேக்கு அவ்வளவு உப்பாது. ஆண்டு வளையங்களின் போக்கில் உப்பல் மிகுதி, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவு. அந்தக் குறைந்த திசை காடியின் அகலத்துக்கு நேராக வருமாறு கட்டையை அறுங்கள். காடியின் உட்பக்கத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் ஊட்டுங்கள். பெரும்பாலானோர் வெளியே மட்டும் பூசுகிறார்கள்.

அவரே மீண்டும்: காடிக்குள் இருபுறமும் பித்தளைத் தகடு வைத்தால் இந்தக் கவலையே இல்லையே?

காடி நெருங்காது என்பது உண்மை, ஏற்கிறேன். ஆனால் உப்புக்காற்றில் பித்தளையில் களிம்பு பிடிக்கும். ஒரே கட்டையில் அறுத்த பிடி என்ற எளிமையும் போய்விடும். அந்த எளிமைக்காகத்தான் இந்தக் கத்தியை விரும்புகிறேன்.

பாகூரிலிருந்து: லாரிப் பட்டை இலவசமாகக் கிடைக்கிறது, பயன்படுத்தலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். நீலம் பற்றிய வரியையும் சேர்த்து.

தவளக்குப்பத்திலிருந்து: பூட்டு வளையம் (திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் உலோக வளையம்) கட்டாயமா?

அது 1955இல்தான் சேர்ந்தது. முதல் கத்தியை வளையமின்றிச் செய்யுங்கள். ஆனால் பூட்டில்லாத கத்தியால் எதையும் குத்தவோ நெம்பவோ கூடாது, விரல் மேல் மடங்கிவிடும்.

முதுநகர்க்காரர் மூன்றாம் முறை: தேக்கும் உப்பத்தானே செய்யும்? பித்தளையே மேல்.

உப்பும், எவ்வளவு என்பதே கேள்வி. ஒரே தேக்குப் பலகையில் இரு துண்டுகள் அறுத்து, ஒன்றில் வளையத் திசையும் மற்றதில் நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையும் காடியின் அகலத்துக்கு நேராக வருமாறு வைத்து, இரண்டிலும் 2.3 மி.மீ. காடி போடுங்கள். எண்ணெய் பூசாமல் மழைக்காலம் முழுவதும் தாழ்வாரத்தில் விட்டு, கார்த்திகைக் கடைசியில் வெர்னியர் அளவுகோலால் காடியின் அகலத்தை அளந்து இரண்டு எண்களையும் எழுதுங்கள்.