சேஃப்டி ரேசரா, சவரக் கத்தியா: எதில் தொடங்குவது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: மூன்று பிளேடு ரேசரில் மழித்தால் கழுத்தெல்லாம் பொரிப்பொரியாக வருகிறது, பழைய முறைக்கு மாறலாமா?

தாராளமாக மாறலாம் தம்பி. சேஃப்டி ரேசரில் தொடங்குங்கள். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான்: இருபக்கமும் கூரான மெல்லிய பிளேடு, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்.

பழக வேண்டியவை கோணமும் அழுத்தமும். வெந்நீரில் முகம் கழுவி, பிரஷ்ஷால் நன்றாக நுரை போடுங்கள். ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 30 பாகையில் பிளேடு முடியைப் பிடிக்கும். சரசரவென்று சத்தம் கேட்கும். அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே போதும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா சொல்வார், "பட்டையைத்தான் சீவணும், மரத்தைத் தொட்டுடக் கூடாது" என்று. அதே கைப்பக்குவம்தான் இதற்கும்.

முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். கழுத்தில் அது பல பக்கம் சுழலும். விரலால் தடவினால் எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று தெரியும். எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். பொரி வருவது பெரும்பாலும் அதனால்தான்.

சவரக் கத்தி அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் தோல்வாரில் இழுக்க வேண்டும், அவ்வப்போது கல்லில் தீட்ட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். வாங்கினால் நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.