ரத்தத்தை ஏன் திசு என்கிறோம்? விலங்கியல் வாத்தியார் பதில்கள்

சேலத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை திசுக்கள், அதாவது ஒரு வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல் கூட்டங்கள், பற்றிய கேள்விகள்.

கேள்வி: சார், திசு நான்கு வகை என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஓடுகிற ரத்தமும் கல் மாதிரி இருக்கிற எலும்பும் எப்படி ஒரே வகை? (மாணவி, அஸ்தம்பட்டி)

பதில்: நல்ல சந்தேகம், கண்ணு. உடலின் மேற்பரப்பையும் குடல் போன்ற உறுப்புகளின் உட்பக்கத்தையும் போர்த்துவது எபிதீலியம். சுருங்கி விரிவது தசை. செய்தி கடத்துவது நரம்பு. தாங்குவதும் இணைப்பதும் இணைப்புத் திசு. எபிதீலியத்தில் செல்கள் டைல்ஸ் பதித்த மாதிரி நெருக்கமாக இருக்கும். இணைப்புத் திசுவில் செல்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். நடுவில் உள்ள பொருள்தான் அதிகம். அதில் கால்சியம் உப்பு படிந்திருந்தால் எலும்பு, பிளாஸ்மா என்ற திரவமாக இருந்தால் ரத்தம். ரத்தத்தில் சுமார் 55 சதவீதம் பிளாஸ்மாதான். கெட்டியா, தண்ணியா என்பது இங்கே கணக்கே இல்லை.

கேள்வி: தறி நெய்கிறேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து மிதி மிதிக்க முடியவில்லை. எலும்பு முறிந்த என் தம்பி எனக்கு முன்னால் எழுந்து நடந்துவிட்டான். ஏன் இப்படி? (அம்மாபேட்டை)

பதில்: நாம் இரண்டு பொருளுக்கும் ஜவ்வு என்றே சொல்கிறோம், அண்ணே. எலும்பை எலும்போடு கட்டும் நார் ஒன்று. முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு வட்டு இன்னொன்று. உங்களுக்கு எது என்று ஸ்கேன் தாளில் இருக்கும். நாரில் கொலாஜன் என்ற புரத இழைகள் பாவு நூல் போல ஒரே போக்கில் விறைப்பாக ஓடும். அதனால்தான் அவ்வளவு வலு. ஆனால் எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் தாராளம், நாருக்குக் குறைவு, வட்டின் உள்விளிம்பில் அறவே கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்குப் பழுது பார்க்கும் சரக்கு எந்த வழியாகப் போகும்? எப்போது தறியில் உட்காரலாம் என்பதை எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். நான் வெறும் வாத்தியார்.

கேள்வி: ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளிரில் புல்லரிக்கிறதே, அது என்ன திசு?

பதில்: முடியின் அடியில் இருக்கும் துளியூண்டு மென்தசை. நம் பேச்சைக் கேட்காது. ஏரியைச் சுற்றி நடக்கிற கால் தசை கேட்கும். இதயத் தசை பார்க்கக் கால் தசை போலவே வரி வரியாக இருக்கும், ஆனால் அதுவும் நம் பேச்சைக் கேட்காது. நல்லவேளை!

கேள்வி: கறியோடு வருகிற கொழுப்பும் திசுவா, வெறும் எண்ணெயா?

பதில்: திசுவேதான், அதுவும் இணைப்புத் திசு. ஒவ்வொரு செல்லும் ஒரு பெரிய சொட்டுக் கொழுப்பை விழுங்கிவிட்டு உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.