அளந்து வரையும் பெண்ணுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

அய்யா, உங்கள் கடிதத்தையும் மகள் அனுப்பிய மூன்று வீட்டுப் படங்களையும் பார்த்துவிட்டேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நீங்கள் சென்ட்ரிங் அடிக்கும் வீடுகளையெல்லாம் ஒரு பழைய மடிக்கணினியில் ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளைக் கொண்டு வரைந்து பார்க்கிறாள். அதைப் பார்த்த உங்கள் சென்னை மைத்துனர், பிள்ளை பிறவி ஆர்க்கிடெக்ட், கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க். சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் காட்டிய தனியார் கல்லூரியில் விடுதியும் சேர்த்து ஐந்து ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு, குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தூங்குங்கள், முடிவெடுக்க இன்னும் நாளிருக்கிறது. என்னிடம் ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்கள் மைத்துனருக்குப் பிடிக்காது: பத்திரத்தை வைக்காதீர்கள்.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்து ஈடு கேட்கும். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் நிற்காமல் ஏறும். கடன் மகள் பெயரில் இருந்தாலும் கூடவே கையெழுத்துப் போட்ட நீங்களும் கடன்காரர்தான். இளம் ஆர்க்கிடெக்டுகள் பலர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் சம்பளத்தில் அறை வாடகை கொடுக்கவே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் வேலை நின்று பலகையும் முட்டும் வீட்டு வாசலில் கிடக்கும் தொழில் உங்களுடையது. மைத்துனரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவருடைய வீட்டுப் பத்திரத்தை ஈடாகத் தருவாரா?

பணம் ஒருபுறம் இருக்கட்டும். கடிதத்தோடு மகள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாளே, நீங்கள் படித்தீர்களா? "எனக்கு அளந்து வரைவது பிடிக்கும். மனதில் தோன்றுவதை வரை என்றால் வராது" என்று எழுதியிருக்கிறாள். பதினேழு வயதில் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதும் பிள்ளைகள் குறைவு. பி.ஆர்க். சேர்வதற்கான நாட்டா தேர்வின் 200 மதிப்பெண்ணில் 80 மதிப்பெண், கையால் வரைந்தும் வடிவங்களைச் சேர்த்தும் காட்ட வேண்டிய பகுதிக்கு உரியது. அதைத் தாண்டி உள்ளே போனாலும் ஐந்து ஆண்டும் 'உன் மனதில் என்ன தோன்றுகிறது' என்றுதான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்வியில் மகிழ்கிற பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. உங்கள் மகள் அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிட்டாள்.

அவள் அனுப்பிய இரண்டாவது படம் ஒரு மூலை மனை. முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 28 அடி 7 அங்குலம். குறுக்கு மூலை அளவு இரண்டையும் நாடா பிடித்து எடுத்து ஓரத்தில் குறித்திருக்கிறாள். ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில் சுவர் இழுத்தால் அது 15 பாகை மடங்குகளில் கோட்டைத் தானாகப் பிடித்து நிறுத்தும். கோணல் மனை கூட நேராகிவிடும். அந்தப் பிடிப்பை அணைத்துவிட்டு, மனை எப்படிக் கோணியிருக்கிறதோ அப்படியே வரைந்திருக்கிறாள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் 30-க்கு 40 என்று ஒரு சுத்தமான செவ்வகம் போட்டு, அதற்குள் சோபாவும் தொலைக்காட்சியும் வைத்துவிட்டு வருவார்கள். இவள் சோபாவே வைக்கவில்லை.

இந்தக் கைக்கு ஏற்ற படிப்பு ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், கட்டடப் படவரைவாளர் பிரிவு, அதாவது டிராஃப்ட்ஸ்மேன் சிவில். இரண்டு ஆண்டுப் படிப்பு. (கணினி அறிவியல், நர்சிங், பி.காம். பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆளிருக்கும்.)

பத்தாம் வகுப்பு முடித்தாலே சேரலாம் என்பதால் பன்னிரண்டு முடித்த பெண்ணை அங்கே அனுப்புவதா என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பாருங்கள். முதலில் பலகையும் டி-ஸ்கொயரும் வைத்துக் கையால் வரைய வேண்டும். செங்கல் கட்டு, அடித்தளம், கதவு ஜன்னல், படிக்கட்டு, கான்கிரீட் கம்பி விவரம் என்று ஒவ்வொன்றாகப் போகும். சங்கிலி அளவையும் மட்ட அளவையும் செய்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வரை நிலத்தில் நின்று அளக்க வேண்டும். பிறகு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள், முப்பரிமாணம், செலவு மதிப்பீடு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் தருகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஐடிஐ மாணவிக்கு உண்டு. பன்னிரண்டு லட்சம் போகும் வழியையும் மாதாமாதம் கொஞ்சம் கையில் வரும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கதவு எதுவும் அடைபடவில்லை. ஐடிஐ முடித்துப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும். இருபது வயதில் வடிவமைக்கும் ஆசை நிஜமாகவே வந்தால் அப்போது நாட்டா எழுதட்டும். ஆனால் ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐடிஐ முடித்துவிட்டு அந்தப் பெயரில் பலகை மாட்டக் கூடாது. தொடக்கச் சம்பளமும் சிறியதாகத்தான் இருக்கும். அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. கடனில்லாத சிறிய சம்பளம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி உனக்கு எழுதுகிறேன், அம்மா. ஆலோசகனாவதற்கு முன் எட்டு ஆண்டு நானும் ஒரு கட்டட அலுவலகத்தில் படம் வரைந்தவன். ஆகையால் சான்றிதழ் பேச்சை விட்டு, மென்பொருளைப் பற்றிப் பேசுவோம்.

உன் மூன்றாவது படத்தில் படிக்கட்டைப் பார். மென்பொருளுக்குள் இருக்கும் நூலகத்திலிருந்து ஆயத்தப் படிக்கட்டு ஒன்றை எடுத்து, ஏழு அடி இடத்துக்குள் பிடித்து அழுத்தியிருக்கிறாய். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் சுருங்கிக்கொடுத்துவிட்டது. இப்போது கணக்குப் பார். அறை உயரம் 10 அடி, ரூஃப் கான்கிரீட் 6 அங்குலம், ஆக 126 அங்குலம் ஏற வேண்டும். ஒரு படி 7 அங்குல உயரம் என்றால் 18 ஏற்றம். நடுவே கால் வைக்கும் பலகங்கள் 17. ஏழு அடியை 17-ஆல் வகுத்தால் ஐந்து அங்குலம் கூட வரவில்லை. அதில் உன் பாட்டி எப்படி ஏறுவார்? கால் வைக்க 10 அங்குலமாவது வேண்டும். நேராகப் போட்டால் 14 அடி 2 அங்குலம் தேவை. இடமில்லை என்றால் நடுவில் மடக்கு. ஒரு பக்கம் 8 பலகம், 6 அடி 8 அங்குலம், திரும்பும் மேடை 3 அடி, மொத்தம் 9 அடி 8 அங்குலம். படிக்கட்டைக் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான் திரையில் வை. எந்த வீட்டிலும் முதலில் முடிவாக வேண்டியது அதுதான். அறைகள் அதைச் சுற்றி ஒதுங்கிக்கொள்ளும்.

சுவர் கனத்தையும் அப்படியே விட்டிருக்கிறாய். அந்த மென்பொருள் தானாகத் தரும் சுவர் நம் ஒன்பது அங்குலச் சுவரை விட மெலிது. தொடங்கும் முன்பே வெளிச்சுவர் 9, தடுப்புச் சுவர் நாலரை, உயரம் 10 அடி என்று மாற்றிக்கொள். பூச்சையும் மறக்காதே: செங்கல்லுக்குச் செங்கல் 10 அடி வைத்த அறையில் பக்கத்துக்கு அரை அங்குலம் பூசினால் 9 அடி 11 அங்குலம்தான் மிஞ்சும். பத்தடி அலமாரி செய்து கொண்டுவந்த தச்சர் வாசலில் நின்று யாரைத் திட்டுவார் என்று உனக்கே தெரியும்.

அனுமதிப் படம் மீட்டரில் போகும், மேஸ்திரி அடியில் கேட்பார். 30 அடி என்பது 9.144 மீட்டர். அதை 9 என்று முழுமையாக்கினால் ஏறக்குறைய அரையடி காணாமல் போகும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. அளவு சரி என்று உறுதி சொல்பவர் வீட்டுக்காரர். அவர் நம்பியிருப்பது படம் போட்டவரை.

வீட்டுக்காரரிடம் முதல் நாளே வண்ணமும் பளபளப்பும் பூசிய படத்தைக் காட்டாதே. டைல்ஸ் நிறத்தில் பேச்சு ஆரம்பித்து, சமையலறை எட்டடி போதுமா என்ற கேள்வி விடுபட்டுப்போகும். வெள்ளைச் சுவராகவே காட்டு. நூலகத்தில் இருக்கும் வெளிநாட்டு மேசை நாற்காலிகளை நம்பாமல், உன் வீட்டு கிரைண்டர், கேஸ் சிலிண்டர், அரிசி டிரம், பீரோ ஆகியவற்றை நாடா வைத்து அளந்து வெறும் பெட்டிகளாக உள்ளே வை. அப்போதுதான் அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியுமா என்று தெரியும்.

திசைகாட்டி ஒன்று திரையின் ஓரத்தில் இருக்கிறதே, அதைத் தொட்டிருக்கிறாயா? அதில் ஊரைக் குறித்துவிட்டு, படம் எடுக்கும்போது மே மாதம் மாலை நாலு மணி என்று கொடு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரை வருவதைப் பார்ப்பாய். அடுத்து ஜூன் நண்பகலைக் கொடு. நம் ஊரில் அந்த மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து போவதால், வடக்கு ஜன்னலுக்கும் மேலே சன்ஷேட் வேண்டும் என்பது விளங்கும். வீட்டு வடிவமைப்பு மென்பொருளின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது என்பேன். பலரும் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் முப்பரிமாணப் படத்தை வைத்து யாரும் கடைக்கால் தோண்டுவதில்லை. வேலையிடத்துக்குப் போக வேண்டியது சென்டர் லைன் படம், அதாவது சுவர், தூண்களின் மையக்கோடுகளை அளவோடு காட்டும் படம். ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்து எல்லா அளவையும் அங்கிருந்தே தொடர்ச்சியாகக் கொடு: 0, 10-9, 15-6, 26-3 என்று (10-9 என்றால் 10 அடி 9 அங்குலம்). அறை அறையாகத் துண்டு அளவு கொடுத்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தவறி, கடைசித் தூண் எங்கேயோ போய் நிற்கும். இதை ஆட்டோகேட்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேடிலோ வரை. மாணவர்களுக்கு இலவசமாகத் தரப்படும் ஆட்டோகேட், படித்துப் பழக மட்டும்தான். அதில் வரைந்து காசு வாங்காதே. திருட்டுப் பிரதியும் வேண்டாம்.

ஒருமுறை அவசரத்தில் 'தாளுக்குள் அடக்கு' என்ற பொத்தானை அழுத்திப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். படம் தாளுக்கேற்பச் சுருங்கி, ஸ்கேல் கணக்கு தப்பிவிட்டது. குளியலறைக் குறுக்களவு ஒன்றை எழுத விட்டிருந்தேன். மேஸ்திரி ஸ்கேல் வைத்து அளந்து கட்டிவிட்டார். நாலடி இருக்க வேண்டியது மூன்றரை ஆகி, கதவு திறந்தால் கழிப்பறைப் பீங்கானில் இடித்தது. சுவரை இடித்துக் கட்டிய செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து எழுதாத அளவு ஒன்றுகூட இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகே தாளைக் கையை விட்டு விடுவேன்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஃபைனல், புது ஃபைனல், கடைசி ஃபைனல் என்று வைக்காதே. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வை. மூன்று மாதத்தில் எல்லா மென்பொருளும் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சி மையத்துக்கும் இப்போது பணம் கட்டாதே. லட்சம் ரூபாய் மடிக்கணினியும் தேவையில்லை; உன் பழைய இயந்திரம் முதல் ஆண்டுக்குத் தாங்கும்.

அய்யா, உங்கள் மாவட்டத்தில் எந்த அரசு ஐடிஐயில் இந்தப் பிரிவு இருக்கிறது என்பதை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் பார்த்து, கலந்தாய்வு முடியும் முன் பதிவு செய்யுங்கள். எந்தப் பிரிவு என்று கேட்கும்போது கூட்டம் பார்த்து எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்று மாற்றிவிடாதீர்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.

அம்மா, அதற்குள் அந்த மூன்றாவது வீட்டின் படிக்கட்டை மடக்கி வரைந்து, சென்டர் லைனோடு பெரிய தாளில் அச்செடுத்து அப்பாவின் மேஸ்திரியிடம் கொடு. நீ பக்கத்தில் நில், வாயைத் திறக்காதே. எந்த இடத்தில் அவர் விரலை வைத்து "இது என்ன அளவு?" என்று கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது.