அமெரிக்க ராணுவ அகாடமிகளில் பாலியல் குற்றங்களுக்கு யார் பொறுப்பு? 2023-இல் சட்டம் மாறிய பிறகும் சர்ச்சை ஏன் ஓயவில்லை?

வழக்குத் தொடரும் அதிகாரத்தைத் தளபதிகளிடமிருந்து பிடுங்கி, அவர்களுக்குக் கட்டுப்படாத சிறப்பு வழக்கறிஞரிடம் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன பிரச்சினை என்பதுதான் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மாற்றம் உண்மையானது, பெரியது. ஆனால் அகாடமியில் நடப்பவற்றில் பெரும்பகுதி அந்தச் சிறப்பு வழக்கறிஞரின் மேசைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. விடுதியிலிருந்து அந்த மேசை வரையிலான தூரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தச் சர்ச்சை புரியும்.

முதலில் எந்த அகாடமிகள் என்று தெரிந்துகொள்வோம். தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட், கடற்படைக்கு அனாபொலிஸ், விமானப்படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ். இந்த மூன்றும் பாதுகாப்புத் துறையின் கீழ் வருபவை. ஒவ்வொன்றிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். கடலோரக் காவல்படை அகாடமி நியூ லண்டனில் இருக்கிறது, அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தம். கிங்ஸ் பாயிண்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமி போக்குவரத்துத் துறையின் கையில். ஐந்தும் ஒரே மாதிரி சீருடை ஒழுங்குள்ளவைதான், ஆனால் சட்டம் ஒன்றல்ல. பெண்கள் இவற்றில் சேர முடிந்ததே 1970-களின் நடுவில்தான். வெஸ்ட் பாயிண்டில் முதல் பெண்கள் அணி 1976-இல் சேர்ந்து 1980-இல் பட்டம் பெற்றது.

பழைய ஏற்பாட்டின் கோளாறு என்ன? பாதுகாப்புத் துறையின் மூன்று அகாடமிகளிலும் சூப்பரின்டெண்டெண்ட் மூன்று நட்சத்திர அதிகாரி. கல்லூரி முதல்வர் அவர்தான், முகாமின் தளபதியும் அவர்தான். ஒரு மாணவரை கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா, அல்லது ஒழுங்கு நடவடிக்கை எடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதுமா என்று முடிவெடுப்பவரும் அவரேதான். மாணவர்கள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதால் இந்த அதிகாரம் சட்டப்படியே அவரிடம் இருந்தது. தன் பள்ளியின் பெயர் நாளிதழில் வரப்போகிற வழக்கை நடத்தலாமா வேண்டாமா என்று அந்தப் பள்ளியின் தலைவரையே முடிவெடுக்கச் சொல்வது நியாயமா? எவ்வளவு நேர்மையான மனிதராக இருந்தாலும் அவர் உட்கார்ந்திருக்கும் இடமே தவறு.

2003 ஜனவரியில் விமானப்படை அகாடமியில் நடக்கும் பாலியல் தாக்குதல்கள் பற்றி ஒரு பெயரில்லா மின்னஞ்சல் விமானப்படைச் செயலருக்கும் செனட்டர்களுக்கும் போனது. அதன்பின் அமைக்கப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டில்லி ஃபவுலர் தலைமையிலான ஆணையம், 1993 முதல் 2002 வரையிலான பத்தாண்டுகளில் 142 பாலியல் தாக்குதல் புகார்கள் வந்திருந்ததைக் கண்டறிந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தே தொடர்ந்தது என்பதுதான் அதன் கடுமையான குற்றச்சாட்டு. அகாடமியின் தலைமை மாற்றப்பட்டது. அப்போது சூப்பரின்டெண்டெண்டாக இருந்தவர் ஒரு நட்சத்திரம் குறைக்கப்பட்டு ஓய்வுபெற்றார். தலைமையே விலை கொடுத்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அவசரத்தில் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் ஒன்று, ரகசியமாக உதவி கேட்கும் வழியையே மூடிவிட்டது. எல்லாப் புகாரும் உடனே மேலே போக வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் பாதிக்கப்பட்டவர் வாய் திறப்பதையே அது தடுக்கும். ஃபவுலர் ஆணையமும் இதைக் கண்டித்தது. 2005-இல் ராணுவம் முழுவதற்கும் இருவகைப் புகார் முறை வந்தது.

அந்த முறை இன்றும் இருக்கிறது, அது இயங்கும் விதத்தைச் சொல்கிறேன். முதல் வகை, கட்டுப்படுத்தப்பட்ட புகார். பாலியல் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், பாதிக்கப்பட்டோருக்கான துணையாளர், மருத்துவப் பணியாளர் ஆகியோரிடம் சொல்லலாம். மருத்துவப் பரிசோதனையும் தடயச் சேகரிப்பும் நடக்கும், ஆலோசனை கிடைக்கும், ஆனால் விசாரணை தொடங்காது. யார் புகார் செய்தார் என்பது தளபதிக்குத் தெரியாது. இரண்டாம் வகை, கட்டுப்பாடற்ற புகார். இதில் தரைப்படையில் சிஐடி, கடற்படையில் என்சிஐஎஸ், விமானப்படையில் ஓஎஸ்ஐ என்று அந்தந்தப் படையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு வழக்கை எடுக்கும். முதல் வகையை எப்போது வேண்டுமானாலும் இரண்டாவதாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதைத் திரும்ப முதலாவதாக மாற்ற முடியாது. அறைத்தோழியிடமோ நண்பரிடமோ சொல்வது எந்த வகையிலும் புகார் ஆகாது. ஆனால் விஷயம் அந்த வழியாக அதிகாரிகள் காதுக்கு எட்டிவிட்டால் அவர்கள் தாமாகவே விசாரணை தொடங்கக்கூடும். முதலில் யாரிடம் வாய் திறக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். 2019-இல் கேட்ச் என்ற திட்டமும் சேர்ந்தது: ரகசியப் புகார் கொடுத்தவர் தாக்கியவரைப் பற்றிய விவரத்தைத் தன் பெயரின்றிப் பதிவு செய்யலாம், அதே ஆள் வேறொரு புகாரிலும் வந்தால் தகவல் சொல்வார்கள், அப்போது வெளிப்படையாக வருவதா என்று அவரே முடிவெடுக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் புகார் வருவதில்லை? பாதுகாப்புத் துறை இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்று அகாடமிகளிலும் பெயரில்லாக் கணக்கெடுப்பு நடத்துகிறது. விருப்பமில்லாத பாலியல் தொடுதலுக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் ஆளானதாகச் சொன்ன பெண்கள் 2018-இல் 15.8 சதவீதம், 2022-இல் 21.4 சதவீதம். 2024-இல் அது 13 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆண்களில் 2022-இல் 4.4 சதவீதம், ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை இந்த விவாதத்தில் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். 'விருப்பமில்லாத பாலியல் தொடுதல்' என்ற சொல்லுக்குள் அத்துமீறித் தொடுவதிலிருந்து வன்புணர்வு வரை எல்லாம் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான் அதிகாரபூர்வமாகப் புகார் செய்தார். மீதி ஆறு பேர் எந்த வழக்கறிஞரின் கணக்கிலும் இல்லை.

புகார் எண்ணிக்கை கூடியது என்று தலைப்புச் செய்தி வந்தால் உடனே நிலைமை மோசமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கணக்கெடுப்பு விகிதம் குறைந்து புகார் கூடினால் நம்பிக்கை வளர்கிறது என்று பொருள். விகிதம் ஏறி, புகார் அதே அளவில் நின்றால்தான் ஆபத்து.

அந்த ஆறு பேரின் மௌனத்துக்கு முதல் காரணம் இடம். அனாபொலிஸில் பான்கிராஃப்ட் ஹால் என்ற ஒரே விடுதியில்தான் மாணவர் அத்தனை பேரும் நான்காண்டும் தங்க வேண்டும். தாக்கியவர் பெரும்பாலும் அதே வகுப்பாண்டைச் சேர்ந்த சக மாணவர் என்பதைக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதே உணவு மேசை, அதே அணிவகுப்பு. பட்டம் பெற்ற பிறகும் அதே படை. சாதாரணக் கல்லூரியில் ஊரை மாற்றிக்கொள்ளலாம், இங்கே தொழிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் கூடவே வரும் விதிமீறல். அமெரிக்காவில் மது அருந்தச் சட்டப்படி 21 வயதாக வேண்டும். முதல் மூன்று ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆகியிருக்காது. முதலாண்டு மாணவர் மூத்த மாணவருடன் நெருங்கிப் பழகுவதற்குத் தடை, விடுதிக்குள் பாலுறவுக்கும் தடை. அன்றிரவு இரண்டு பியர் குடித்திருந்த பெண் புகார் கொடுத்தால் முதலில் அவருக்கே தண்டனை வரும் என்ற பயம் பல பத்தாண்டுகளாக உண்மையாகவே இருந்தது. 2021-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது: சிறிய அளவிலான விதிமீறலுக்குப் புகார்தாரரைத் தண்டிக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் எது சிறியது என்று தீர்மானிப்பது இன்னும் அதிகாரியே. பதினெட்டு வயதில், அதுவும் அதிர்ச்சியில் இருக்கும்போது, அந்தத் தீர்மானம் தனக்குச் சாதகமாக வரும் என்று யார் நம்பிப் பேசுவார்கள்?

மூன்றாவது காரணம் பணமும் காலமும். முதல் இரண்டாண்டுக்குள் விலகினால் கடன் எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கியதும் ஐந்தாண்டுப் பணிக்குக் கட்டுப்படுகிறார்கள். அதன்பின் விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் அல்லது சாதாரணச் சிப்பாயாகப் பணி செய்யச் சொல்லலாம். பாதிக்கப்பட்ட பலருக்கு இருக்கலாமா போகலாமா என்ற முடிவு இந்தத் தேதிக்கு முன்பே நெருக்குகிறது.

இப்போது வழக்கு நடக்கும் பக்கம். 2013-இல் அனாபொலிஸில் ஒரு வழக்கின் முன்விசாரணையில் புகார்தாரரான மாணவியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் பல நாட்களாக, மொத்தம் 20 மணி நேரத்துக்கும் மேல், குறுக்கு விசாரணை செய்தார்கள். கேட்டவை பல, ராணுவத்துக்கு வெளியே எந்த நீதிமன்றமும் அனுமதிக்காத கேள்விகள். அந்தக் கொதிப்பில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விதியைத் திருத்தியது. 2014 இறுதியிலிருந்து முன்விசாரணை என்பது வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் சிறு கட்டம் மட்டுமே. அங்கே சாட்சி சொல்ல மறுக்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. அதே 2014 மார்ச்சில் செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் கொண்டுவந்த மசோதா, கடுமையான குற்றங்களில் தளபதிகளிடமிருந்து வழக்கு அதிகாரத்தை எடுக்கக் கோரியது. ஆதரவு 55, எதிர்ப்பு 45. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வேண்டும் என்பதால் பெரும்பான்மை இருந்தும் அது விழுந்தது. கிட்டத்தட்ட பத்தாண்டு அங்கேயே போய்விட்டது.

2023 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த சிறப்பு வழக்கறிஞர் அலுவலகம், வன்புணர்வு, பாலியல் தாக்குதல், கொலை, குடும்ப வன்முறை போன்ற குற்றங்களில் தானே முடிவெடுக்கிறது. அதன் தலைவர் எந்தத் தளபதிக்கும் கட்டுப்படாமல் நேரே படைத்துறைச் செயலருக்கு அறிக்கை தருகிறார். பாலியல் சீண்டலும் 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வழக்குத் தொடரப் போவதில்லை என்று சிறப்பு வழக்கறிஞர் முடிவெடுத்தால் கோப்பு பழைய தளபதியிடமே திரும்பும். அவர் அதைக் கோர்ட் மார்ஷலுக்கு அனுப்ப முடியாது. ஒழுங்கு நடவடிக்கையோ நிர்வாக நடவடிக்கையோ மட்டும் எடுக்கலாம். ஐயமற நிரூபிக்கப் போதிய சான்று இல்லாத வழக்குகளே அதிகம் என்பதால், நடைமுறையில் பெரும்பாலான சம்பவங்களின் தலைவிதி இன்றும் சூப்பரின்டெண்டெண்ட் கையில்தான்.

என் பார்வையில் இதைவிடவும் முக்கியமான இடைவெளி கீழே, அன்றாடத்தில் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண் மாணவர்கள் பாலியல் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். வகுப்பறைக் கேலி, உடல் பற்றிய பேச்சு, பெயரில்லாச் செயலிகளில் எழுதுவது. இதையெல்லாம் முதலில் கையாள்வது இருபது, இருபத்தொரு வயது மூத்த மாணவர்கள், ஏனென்றால் அகாடமியின் அன்றாட ஒழுங்கை மாணவர்களே நடத்த வேண்டும் என்பது பயிற்சியின் அடிப்படை. தலைமைப் பண்பை வளர்க்க அது சரியான முறைதான். ஆனால் சக மாணவனின் சீண்டலை அடக்கத் தெரியாத, அடக்க விரும்பாத மூத்த மாணவரிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, முழுநேர அதிகாரி தள்ளி நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு பிரிவுக்கு நூறுக்கு மேற்பட்ட மாணவர், மேற்பார்வைக்கு ஒன்றிரண்டு அதிகாரிகள் என்றால் அவர் கண்ணுக்கு என்ன தெரியும்?

தலைமையின் பொறுப்பு எவ்வளவு தூரம் நழுவும் என்பதற்குக் கடலோரக் காவல்படை உதாரணம். 1980-களின் இறுதியிலிருந்து 2006 வரை தங்கள் அகாடமியில் நடந்த பாலியல் குற்றங்களை அவர்களே 'ஆபரேஷன் ஃபவுல்டு ஆங்கர்' என்ற பெயரில் பல ஆண்டுகள் விசாரித்தார்கள். பல வழக்குகள் குற்ற விசாரணைக்கே அனுப்பப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் உயர் பதவிகளுக்குப் போயிருந்தார்கள் என்று தெரிந்தது. 2020 தொடக்கத்தில் அறிக்கை முடிந்தது. வெளியிடவில்லை, காங்கிரசிடமும் சொல்லவில்லை. 2023 கோடையில் சிஎன்என் வெளிக்கொண்டுவந்தது. சொல்வதால் என்ன லாபம், என்ன நட்டம் என்று உயரதிகாரி கையால் எழுதிப் பார்த்த குறிப்புகூடப் பின்னர் வெளியானது. அப்போதைய படைத்தலைவர் லிண்டா ஃபேகன் மன்னிப்புக் கேட்டார், செனட் குழுக்கள் விசாரணை நடத்தின. ஆனால் மறைக்க முடிவெடுத்தவர்கள் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். குற்றம் செய்தவரைப் பிடிக்கச் சட்டப்பிரிவு இருக்கிறது, மறைத்த தலைமையைப் பிடிக்க நடைமுறையில் ஒன்றுமில்லை.

கிங்ஸ் பாயிண்டில் வேறு சிக்கல். மாணவர்கள் வணிகக் கப்பல்களில் மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போக வேண்டும்; கப்பலில் தாக்குபவர் சிவிலியன் அதிகாரியாக இருக்கலாம், கோர்ட் மார்ஷல் வழியே கிடையாது. 2021-இல் ஒரு மாணவி தனக்கு நடந்ததைப் பெயரின்றி எழுதிய பிறகு கடல் பயிற்சியே நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது, மாணவர்களை ஏற்கும் கப்பல் நிறுவனங்களுக்கு நிபந்தனைகள் வந்தன. அறைகளைத் திறக்கும் பொதுச்சாவி யாரிடம் இருக்கிறது என்ற கட்டுப்பாடும் அதில் ஒன்று. இப்படிப்பட்ட திட்டவட்டமான விதிகள் நூறு விழிப்புணர்வு வகுப்புகளைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர் அகாடமி மீதே வழக்குப் போட முடியுமா என்ற கேள்வி. சாதாரணக் கல்லூரி மாணவிக்கு, கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் கைகொடுக்கும். ராணுவப் பயிற்சியே முதன்மை நோக்கமான நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இழப்பீடு கேட்டால் 1950-ஆம் ஆண்டின் ஃபெரெஸ் தீர்ப்பு குறுக்கே நிற்கும்: பணியையொட்டி நேர்ந்த தீங்குக்கு ராணுவத்தினர் அரசு மீது வழக்குப் போட முடியாது. முன்னாள் வெஸ்ட் பாயிண்ட் மாணவி ஒருவர் தன்மீது நடந்த வன்புணர்வுக்காகத் தொடுத்த வழக்கை 2017-இல் இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் காட்டித்தான் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளியது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை; ஏற்றிருக்க வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஆண்டே ஒன்பதாவது சர்க்யூட், ராணுவத்தினர் ஒருவர் தொடுத்த வேறொரு வழக்கில், பாலியல் தாக்குதல் பணியையொட்டியது ஆகாது என்று வழக்கைத் தொடர அனுமதித்தது. அந்த நீதிமன்றத்தின் எல்லை மேற்கு மாநிலங்கள். வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் மூன்றும் அதற்கு வெளியே இருக்கின்றன. ஃபெரெஸ் தீர்ப்பை மாற்ற காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். 2019-இல் ராணுவ மருத்துவமனைகளின் தவறான சிகிச்சைக்கு, நீதிமன்றத்தில் இல்லாவிட்டாலும் பாதுகாப்புத் துறையிடம் இழப்பீடு கேட்க வழி கொண்டுவந்தார்கள். பாலியல் தாக்குதலுக்கு அப்படி எதுவும் இன்னும் கொண்டுவரவில்லை.