ரெண்டு பாலிசியிலயும் கிளெய்ம் பண்ணலாம் சார்

அப்பாவோட பைபாஸ் பில் 7.8 லட்சம், ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் பாலிசி 5 லட்சம், சொந்த பாலிசி 5 லட்சம், ஒண்ணுலதான் வாங்க முடியும்னு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க. அது தப்பு சார், இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ-யோட ரூல்படி எதுல முதல்ல போடணும்ங்கறது உங்க இஷ்டம், மீதிய அடுத்ததுல அந்த பாலிசி கண்டிஷன்படி கேக்கலாம், பில்லுக்கு மேல மட்டும் வராது. ஆபீஸ் பாலிசியில கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டறது) முடிச்சதும், எவ்வளவு குடுத்தாங்கன்னு காட்டற செட்டில்மென்ட் லெட்டர கண்டிப்பா வாங்கிடுங்க, அதோட ஆஸ்பத்திரி சீல் வச்ச பில் காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் சேர்த்து ரெண்டாவது கம்பெனிக்கு ரீஇம்பர்ஸ்மென்ட் (நாம கட்டின பணத்த திரும்பக் கேக்கறது) போடணும். ரெண்டு கம்பெனிக்கும் இப்பவே தகவல் சொல்லிடுங்க, அப்புறம் சொன்னா லேட்டுன்னு இழுப்பாங்க. ரூம் வாடகை லிமிட் இருக்கான்னும் பாருங்க, அதுக்கு மேல எடுத்தா மத்த செலவுலயும் விகிதப்படி வெட்டுவாங்க, நிறைய பேரு மாட்டிக்கிறது இங்கதான். அப்பா நல்லபடியா வீட்டுக்கு வரட்டும்.