பழைய ராணுவத் துப்பாக்கிகள்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், வியட்நாம் போர்க் காலத்துத் துப்பாக்கியைப் போன்ற ஒன்றை உதிரிபாகங்களாக வாங்கி வீட்டிலேயே ஒன்றாகப் பொருத்திப் பூட்டிக்கொண்டிருக்கிறான். கடையில் புதியது கிடைக்கும்போது பழைய மாதிரிக்காக இவ்வளவு பாடுபடுவானேன்? அக்காவுக்கு ஒரே கவலை.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் அக்காவின் கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் அது பலர் வெளிப்படையாக ஈடுபடும் பொழுதுபோக்கு. அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம், வரிசை எண் பொறித்த உலோகக் கூட்டை மட்டுமே துப்பாக்கியாகக் கருதுகிறது. குழல், கட்டை, கைப்பிடி போன்ற மற்ற பாகங்களைப் பெரும்பாலும் சாதாரணப் பொருளைப் போலவே வாங்க முடிகிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். போரில் பயன்பட்ட அசல் துப்பாக்கி விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியது; 1986-க்குப் பின் பதிவான அவ்வகைத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க அங்கே தடை உள்ளது. ஆகவே உங்கள் அக்காள் மகன் பூட்டுவது, பார்வைக்கு அசலைப் போன்றதும் ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே சுடுவதுமான ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி, ஏன் பழைய மாதிரி என்ற கேள்விக்கு வருவோம். எம்-16 என்ற அந்தத் துப்பாக்கி 1960-களில் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஏதோ ஒரு மாற்றத்தைக் கண்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு காரணமும், பல வேளைகளில் ஒரு துயரமும் உண்டு. தொடக்க காலத் துப்பாக்கியின் குழல் முனையில் மூன்று பிரிவாகத் திறந்த கவை இருந்தது. அது புதர்களில் சிக்கிக்கொண்டதால் பின்னர் முனை மூடிய கூண்டு போன்ற வடிவம் வந்தது. விமானப்படைக்குச் சென்ற மாதிரியில் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகத்தை, கையால் தள்ளி மூடும் பொத்தான் கிடையாது. தரைப்படை அதை வற்புறுத்திக் கேட்டுப் பெற்றது. முதலில் வந்த பின்கட்டையில் சுத்தம் செய்யும் கருவிகளை வைப்பதற்கு இடமே இல்லை. இந்தத் துப்பாக்கிக்கு அதிகப் பராமரிப்பு தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்ததால், போதிய கருவிகளும் பயிற்சியும் இல்லாமலே அது வீரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. போதாக்குறைக்குத் தோட்டாவின் மருந்து வகையும் மாற்றப்பட்டிருந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டில், சண்டையின் நடுவே துப்பாக்கிகள் சிக்கி நின்றன. வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றம் வரை சென்று, 1967-இல் ஒரு துணைக்குழு விசாரணையே நடந்தது. அதையொட்டிய காலத்தில் தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. சுத்தம் செய்யும் கருவிகள் பரவலாக வழங்கப்பட்டன. பின்னாளில் பின்கட்டையில் அவற்றை வைக்கச் சிறிய கதவும் வந்தது.

எனவே, 1967-ஆம் ஆண்டு மாதிரியைப் பூட்டுகிறவர் கதவில்லாத பின்கட்டையைத் தேடி அலைகிறார் என்றால், அந்த ஒரு கதவு வருவதற்கு முன் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தி, இரண்டு பாகங்களைக் கையில் வைத்து ஒப்பிடும்போதுதான் உறைக்கிறது. இந்தப் பொழுதுபோக்கின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து; சுடுவது இதில் சிறு பங்குதான். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது எந்த ஆண்டு மாதிரி என்று கேட்டுப் பாருங்கள், பையன் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவான். வீட்டில் குழந்தைகள் இருந்தால், துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கின்றனவா என்பதையும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தேய்ந்த பாகத்தைக் கழற்றி மாற்றுவது எந்த இயந்திரத்துக்கும் இயல்பு. துப்பாக்கி சேகரிப்பவர்கள் மட்டும் பாகங்களில் அடித்த எண் பொருந்தவில்லை என்றால் விலையை அடியோடு குறைத்துவிடுகிறார்களாமே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பணிமனையில் இருந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரிட்டிஷ் படையின் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் நான்காம் எண் மாதிரியில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட, நீளத்தில் நூலளவு வேறுபடும் தலைகள் இருந்தன. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி சரியாக அமையும் வரை, ஆயுதப் பழுதுபார்ப்பவர் ஒன்றை எடுத்து மற்றொன்றைப் பொருத்திப் பார்ப்பார். இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டாக் கூடு கிழியக்கூடும். அது சுடுபவரின் முகத்துக்கு அருகில் நடக்கிற காரியம். இவ்வாறு கையால் பொருத்திய போல்ட்டுக்குத்தான் அந்தத் துப்பாக்கியின் எண்ணையே அடித்தார்கள். எண் மாறியிருந்தால், யாரோ எங்கோ கலந்து மாட்டிவிட்டார்கள் என்றும் மறுபடி அளந்து பார்க்காமல் அதை நம்பக்கூடாது என்றும் கொள்ள வேண்டும். விலை குறைவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பாதுகாப்புதான். மீதி, மனிதனுக்குள்ள சேகரிப்புப் பித்து.

எண்ணைத் தவிர முத்திரைகளும் உண்டு. வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலையில் செய்த துப்பாக்கியை எடுத்து, வலக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் உள்ள உலோகப் பட்டையைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்தது என்றால் கிரீடமும் அதன்கீழ் மன்னர் பெயரின் எழுத்துகளும் ஆலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். குடியரசான பிறகு செய்தது என்றால் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் அமர்ந்திருக்கும். ஜப்பானின் அரிசாகா துப்பாக்கிகளில் பேரரசரின் சாமந்தி முத்திரை உண்டு. 1945-இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த முத்திரை அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கும். தேய்க்கப்படாமல் முழுதாக இருக்கும் பூவுக்கு இன்று தனி விலை. விலை இருக்குமிடத்தில் மோசடி இல்லாமலா போகும்? பழைய எண்ணை மழித்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்களும், பழைய மரக்கட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஆய்வாளர் முத்திரையை அழித்துவிடும் அறியாமைக்காரர்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எங்களைக் கேட்டால் இரண்டாமவர் செய்வதே பெரிய சேதம். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லாததால் அவரைத் தடுக்கவும் முடியாது.

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது திரீ-நாட்-திரீ (.303) சுட்டிருக்கிறேன். தோளில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. முறையாக உரிமம் பெற்று அதே துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? பாகங்களை வாங்கி நானே பூட்டலாமா?
– வாசகர், இராயபுரம்

பதில்: இரண்டுக்கும் விடை, முடியாது என்பதே. .303, 7.62 மி.மீ. ஆகிய படைத்துறைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைஃபிள்களைச் சாதாரண உரிமத்தில் தனியார் பெற விதிகள் இடம் தருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலில் .410 மஸ்கெட்டும் இருக்கிறது. 1857-க்குப் பின் இந்தியரை முழுதாக நம்பாத ஆங்கிலேய அரசு, லீ என்ஃபீல்டையே உட்புறம் சுழல் வரிப்பள்ளம் இல்லாத குழலோடு, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி செய்து காவலருக்குக் கொடுத்தது. அந்த அவநம்பிக்கையின் எச்சம் இன்றைய விதிப்புத்தகத்திலும் ஒரு வரியாகத் தங்கியிருக்கிறது. தனியாருக்கென்று இச்சாப்பூர் ஆலை செய்துவந்த .315 ரைஃபிளும் இப்படிப் பிறந்ததுதான்: அமைப்பில் லீ என்ஃபீல்டின் உறவு, ஆனால் படைத் தோட்டா அதில் பொருந்தாது. உரிமமும் தக்க காரணமும் இருந்தால் அதை வாங்கலாம். நீங்கள் தேடும் போல்ட்டின் இழுப்பு அதில் ஓரளவு கிடைக்கும்.

பாகங்கள் விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்துக்கு நேர் எதிரானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்துவிடுகிறது. உரிமமின்றித் துப்பாக்கி செய்வதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள், கூடினால் ஆயுள் சிறை. வடசென்னையில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கைத்திறன் உள்ளவர்களுக்குக் குறைவில்லை என்பதால் இதை அழுத்தியே சொல்கிறோம். மேலும், 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். எனவே இந்தியாவில் தனிமனிதர் ஒருவர், சுடத்தக்க ராணுவத் துப்பாக்கிகளை வரிசையாகச் சேர்த்து வைப்பது நடக்கிற காரியமன்று.

உங்கள் நினைவிலிருக்கும் துப்பாக்கி மிகச் சமீபம் வரை பணியில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1907-இல் இங்கிலாந்து ஏற்ற மாதிரியின் வழிவந்த .303 ரைஃபிளை உத்தரப்பிரதேசக் காவல்துறை விடைகொடுத்து அனுப்பியது 2020 ஜனவரி 26 அணிவகுப்பில்தான். 1960-களில் இச்சாப்பூர் அதே அமைப்பை வலுவான எஃகில், 7.62 தோட்டாவுக்கும் 12 தோட்டா மேகசினுக்கும் மாற்றி 2ஏ என்ற பெயரில் செய்தது. பின்னாளில் அவற்றில் பல கழிவுச் சரக்காக அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. நம் ஆலையில் நம் தொழிலாளி செய்த துப்பாக்கியை டெக்சாஸ்காரர் வைத்துப் போற்றலாம், இராயபுரத்துக்காரர் வைத்திருக்க முடியாது.

கேள்வி: தாத்தா காலத்து வீட்டை இடிக்கும்போது பரணில் துருப்பிடித்த நீளத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்கிறார் நண்பர்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பழைய மாதிரியாகவோ தொன்மை மதிப்புள்ளதாகவோ சேதமடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ளதற்கே சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதை முடிவு செய்யவேண்டியது நீங்களோ நண்பரோ அல்ல. ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து, எழுத்துமூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

கேள்வி: ஆளைக் கொல்லச் செய்த பொருளில் அழகு காண்பது சரியா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நம் கோயில்களில் வாளும் வேலும் பூசை பெறுகின்றன என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. இந்த ஈடுபாட்டில் இருவகை ஆட்கள் உண்டு. ஒருவர், அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது, யார் மீது திருப்பப்பட்டது என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். மற்றவர், சீருடையின் மிடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறப்பவர். ஜெர்மன் மௌசர் துப்பாக்கியின் கழுகு முத்திரையைத் தடவிப் பார்த்து மகிழ்பவர், அந்தக் கழுகின் காலடியில் இருக்கும் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் அவரை நாங்களும் ஐயத்தோடுதான் பார்ப்போம்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். சட்டச் சிக்கல் இல்லாமல் இவற்றைப் பார்க்கவும் பழகவும் என்ன வழி?
– வாசகர், எண்ணூர்

பதில்: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். எழும்பூரில் தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தவையும் உள்ளன. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. குழல், பூட்டு (சுடும் பொறி), கட்டை ஆகிய மூன்றும் சேரும் இடத்தை மட்டும் பார்த்துப் படம் வரைந்து பழகினால் ஒரு நாளும் போதாது. சுடவே ஆசை என்றால், பதிவுபெற்ற சங்கத்தில் சேர்ந்து பயிற்சி பெறலாம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. பூட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால் கணினியில் ஒவ்வொரு பாகமாக வரைந்து இயக்கிப் பாருங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஏற்றும் எண்ணம் வந்தால், மேலே இராயபுரம் வாசகருக்குச் சொன்ன 7 ஆண்டுக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.