செவலை என்று சொன்ன பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவள் நான். திருப்பூரில் இருக்கிறோம். என் மகளுக்கு வரும் மாசியில் மூன்று வயது முடிகிறது. ஜூனில்தான் விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தோம். போன வாரம் அங்கே 'ரெட் டே'. சிவப்புக் கவுன் போட்டு அனுப்பினேன். மிஸ் கவுனைக் காட்டி "வாட் கலர்?" என்று கேட்டதற்கு "செவலை" என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். காங்கயம் பக்கத்தில் என் அப்பா மாடு வைத்திருக்கிறார். சாம்பல் நிற மாட்டை மயிலை, சிவந்ததைச் செவலை, கறுத்ததைக் காரி என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் இவள்.

வேறு எந்த நிறத்தைக் கேட்டாலும் "பச்சை" என்கிறாள். வானம் பச்சை, பால் பச்சை. "கலர்ஸ் வரவில்லை, தினமும் ஃப்ளாஷ் கார்டு காட்டுங்கள்" என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். காட்டினால் அட்டையைத் தள்ளிவிட்டு ஓடுகிறாள். என் நாத்தனார் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறார். எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை. என்ன செய்யட்டும் அக்கா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகள் சொன்னது தப்பில்லை. முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்ன சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டத்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாட்டுக்கும் கவுனுக்கும் என்ன ஒற்றுமை? ஒன்று உயிருள்ளது, பெரியது, நடக்கிறது, சாணி போடுகிறது. இன்னொன்று துணி. அப்புச்சி, அதாவது உங்கள் அப்பா, தொழுவத்தில் ஒரு மாட்டைக் காட்டிச் சொன்ன சொல்லை, மாட்டிலிருந்து உரித்தெடுத்து, திருப்பூரில் ஒரு கவுன்மேல் கொண்டுவந்து போட்டிருக்கிறாள் உங்கள் மகள். செவலை என்ற சொல்லே செம்மையில் பிறந்ததுதான். ஒரு பொருளிலிருந்து நிறத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் நிறம் கற்பதில் கஷ்டமான பகுதி. அதை மூன்று வயது முடியுமுன்பே, யாரும் சொல்லித்தராமல் செய்துவிட்டாள். சிரிப்பதற்குப் பதிலாக அந்த வகுப்பில் யாராவது அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நிறத்தைப் பார்ப்பது வேறு, பெயர் சொல்வது வேறு. மூன்று நான்கு மாதக் குழந்தையின் கண்ணுக்கே எல்லா நிறமும் தெரிந்துவிடும். பெயர்தான் வருடக் கணக்கில் இழுக்கும். சார்லஸ் டார்வின் தன் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி நிறப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தும் அவர்களுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு நிறக்குருடு என்றே முடிவுகட்டிவிட்டதாகவும், பிறகு அது வீண் பயம் என்று தெரிந்ததாகவும் 1877இல் எழுதினார். உங்கள் கவலை அவ்வளவு பழையது.

ஏன் இழுக்கிறது? பந்து என்றால் கையில் பிடிக்கலாம். சிவப்பைப் பிடிக்க முடியாது, அது எப்போதும் எதன்மேலாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். அதோடு, ஒவ்வொரு நிறமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செம்மண், செம்பு, செவ்வாழை, செவ்விளநீர், செம்பருத்தி. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இல்லை. ஆனால் ஐந்தும் நமக்குச் 'செம்'தான். இத்தனை அகலமான ஒரு நிலத்தின் வேலியை அவள் இப்போதுதான் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவுனுக்குச் செவலை என்றது அந்த வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது.

அப்புறம் அந்தப் "பச்சை". என்ன கலர் என்று கேட்டால் அவள் "நாலு" என்றோ "நாய்" என்றோ சொல்வதில்லை, ஒரு நிறத்தின் பெயரைத்தான் சொல்கிறாள். அந்தக் கேள்விக்கு எந்த வகைச் சொல் விடை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது எதற்கு என்பதுதான் இன்னும் பாக்கி. பல பிள்ளைகள் இந்தப் படியில் கொஞ்ச காலம் நிற்பார்கள்.

"பால் பச்சை" என்றாள் அல்லவா, அதைப் படித்ததும் எனக்கு உங்கள் அப்பா வீடுதான் நினைவுக்கு வந்தது. கறந்த பாலைக் காய்ச்சுமுன் என்ன சொல்வோம்? பச்சைப் பால். காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். திருப்பூரில் கடைக்குப் போனால் பச்சை பாக்கெட், நீல பாக்கெட் என்று நிறத்தைச் சொல்லித்தான் பால் வாங்குகிறோம், உள்ளே இருப்பதோ வெள்ளை. இவள் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா என்று அடுத்த முறை தேடிப் பாருங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? அட்டையைப் பீரோமேல் வைத்துவிடுங்கள். "இது என்ன கலர்?" என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். அந்தக் கேள்வியில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, தப்பாகச் சொன்னால் நம் முகம் மாறுவதுதான் தெரிகிறது. கேள்விக்குப் பதிலாக வேலை கொடுங்கள். துணி காயப்போடும்போது கிளிப் டப்பாவை அவள் கையில் கொடுத்து, "அந்தக் கிளிப் எடு, நீலம், நீலம்" என்று கேளுங்கள். மஞ்சளை எடுத்துக் கொடுத்தால், "இது மஞ்சள். அதோ, அதுதான் நீலம்" என்று சொல்லி வாங்கி மாட்டுங்கள். மாட்டுகிற வேலை நடக்க வேண்டும், பரீட்சை நடக்கக் கூடாது. சந்தைப் பையைக் கொட்டித் தக்காளியை ஒரு பக்கம், அவரைக்காயை ஒரு பக்கம், கத்தரிக்காயை ஒரு பக்கம் பிரிக்கச் சொல்லலாம். பூ கட்டும்போது ஒரு கனகாம்பரம், ஒரு டிசம்பர் பூ என்று மாற்றி மாற்றி அவள் எடுத்துக் கொடுக்கட்டும்.

பேசும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். "சிவப்புப் பந்தைப் பார்" என்பதைவிட "இந்தப் பந்தைப் பார், சிவப்பா இருக்கு" என்பது பிள்ளைக்கு உதவும். அமெரிக்காவில் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் இதைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. பொருளின் பெயர் முதலில் வந்து நிறம் பின்னால் வரும்படி பேசிப் பழக்கிய பிள்ளைகள் நிறச் சொற்களில் தேறினார்கள், நிறத்தை முன்னால் சொல்லிப் பழக்கியதில் அந்தப் பலன் இல்லை. பந்து என்றதும் கண் பந்தைப் பிடித்துவிடுகிறது, அதற்குப் பிறகு வருகிற சொல் பந்தின் எதைப் பற்றியது என்று மனம் தேடுகிறது. நம் பேச்சில் இந்த வரிசை இயல்பாகவே வரும். "கவுன் சிவப்பு. மேல சட்டை சிவப்பு இல்ல" என்று இல்லாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலி எங்கே என்று தெரிவதற்கு வேலிக்கு வெளியே இருப்பதையும் காட்ட வேண்டும்.

திருப்பூரில் இருக்கிறீர்கள். பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளைவிட நல்ல நிறப் பாடம் எந்தக் கடையிலும் விற்கவில்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய முறையில் நிறத்துக்கென்றே மூன்று பெட்டிகள் உண்டு. முதல் பெட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. கடைசிப் பெட்டியில் 9 நிறங்கள், ஒவ்வொன்றிலும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை 7 சாயல். நீங்களும் அப்படியே மூன்று நிறத்தில் இரண்டிரண்டு துண்டு வெட்டிக் கலைத்துப் போடுங்கள். ஜோடி சேர்க்கட்டும், பெயர் சொல்ல வேண்டாம். சேர்த்துவிட்டால், "சிவப்பைக் கொடு" என்று கேளுங்கள். அவளே வாய்விட்டுப் பெயர் சொல்வது இதற்கெல்லாம் கடைசியில் வரும். பள்ளியில் அந்தக் கடைசிப் படியைத்தான் முதலில் கேட்டுவிட்டார்கள்.

இன்னொரு விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைத் துணியில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவி, அவளையே அதன்மேல் சோப்பைத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே சிவந்துபோகும். கழுவிவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். துணி அதே துணியாக இருக்க, நிறம் மட்டும் மாறுவதைப் பிள்ளை பார்க்கிறது. அந்த நேரத்தில் "மஞ்சளா இருந்துச்சு, இப்ப சிவப்பா ஆயிடுச்சு" என்று நீங்கள் சொன்னால் அந்தச் சொல் வேறு எங்கும் போய் ஒட்ட வழியில்லை. சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தாலும் நீலம் ஊதாவாகும். முதல் முறை அதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைக் காண்பதற்காகவே நான் எத்தனையோ எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். அது கொடிய விஷம், ஓடு உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. சின்ன மணி, பொத்தான் எதுவும் இந்த வயதில் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கண்ணைப் பற்றி. சிவப்பு, பச்சைத் துண்டுகளையும் சரியாக ஜோடி சேர்க்கிறாள் என்றால் அவளுக்கு அநேகமாக நிறம் தெரிகிறது. சிவப்பு, பச்சை குழம்புகிற குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சத்தாரில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இருக்கிறது. பெண் குழந்தைக்கு வர வேண்டுமானால் அப்பாவுக்கும் அந்தக் குறை இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இல்லையென்றால் இவளுக்கு அந்தப் பயம் அநேகமாக வேண்டாம். நாலைந்து வயதிலும் ஜோடி சேர்ப்பதிலேயே சிவப்பும் பச்சையும் குழம்பினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மாறுகண், பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது போன்றவை தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மிஸ்ஸிடம் ஒருமுறை நேரில் பேசுங்கள். செவலை என்றால் என்ன என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தால் வகுப்பில் எல்லோருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லித்தருவார் என்று நம்புகிறேன். 'ரெட்' அங்கே வரட்டும், 'சிவப்பு' வீட்டில் வரட்டும், செவலை இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ஒரே நிறத்துக்கு மூன்று சொல் இருப்பதால் பிள்ளை கெட்டுப்போகாது. அவள் காதுபட மட்டும் "இவளுக்குக் கலர் வராது" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதம் ஆகும்போது மயிலையாக மாறும் என்பது என்னைவிட உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த கன்று போட்டதும் இவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதம் ஒருமுறை அதே கன்றின் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். எதுவும் கேட்க வேண்டாம், அப்புச்சி பேசிக்கொண்டிருக்கட்டும். என்றைக்கு அவள் அதைச் செவலை என்பதை விட்டு மயிலை என்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா